சந்தையை விட்டு வெளியேறிய ஓய்வுக்காலப் பணம்: திரும்பிப் போக நாள் குறிப்பது எப்படி

2020 மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரிச் சலுகையோடு நானாகச் சேமித்துவந்த ‘துணை ஓய்வுக்காலத் திட்ட’க் கணக்கிலிருந்த பங்கு நிதிகள் அனைத்தையும் விற்றேன். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் அளவுகோலான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு அப்போது ஏறக்குறைய 2,400 புள்ளிகளில் இருந்தது. கைக்கு வந்தது 62,000 வெள்ளி. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரமே, மார்ச் 23ஆம் தேதி, சந்தை அடியைத் தொட்டுவிட்டு ஏறத் தொடங்கியது. இன்னொரு முறை இறங்கும், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஏப்ரலில் காத்திருந்தேன், தீபாவளிக்குக் காத்திருந்தேன், தடுப்பூசிச் செய்தி வந்து சந்தை துள்ளியபோது ‘இது நிலைக்காது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் 2021 மார்ச்சில், குறியீடு 3,100ஐத் தாண்டிய பிறகு, திரும்ப வாங்கினேன். விற்ற அதே அளவை வாங்க அப்போது 80,000 வெள்ளி வேண்டியிருந்தது. என்னிடம் இருந்ததோ அதே 62,000 வெள்ளியும், அந்த ஓராண்டுக்குக் கணக்கு கொடுத்த 0.05 விழுக்காட்டு வட்டியும். வட்டி 31 வெள்ளி. தேக்காவில் இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடலாம்.

விற்றது தவறா என்று இன்றும் நண்பர்கள் கேட்பார்கள். திரும்பி வருவதற்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் விற்றதுதான் பெரிய தவறு என்பது என் பதில். வெளியேறுவதற்கு ஒரு பயம் போதும். திரும்புவதற்கு ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியைச் சந்தையைப் பார்த்துக் குறித்தால் அது நகர்ந்துகொண்டே போகும். சொந்தக் கணக்கைப் பார்த்துக் குறித்தால் நிற்கும். நான் நிதி ஆலோசகர் அல்லன். நிறுவனக் கணக்குகளோடு மாரடித்து வயது ஏறியவன். ஐம்பதைத் தாண்டியவர்கள், பணத்தை வங்கியிலோ, அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக விற்கும் கருவூலப் பத்திரத்திலோ நிறுத்திவைத்துவிட்டு ‘எப்போது’ என்று யோசிப்பவர்கள், கீழே உள்ள வரிசையில் போய்ப் பார்க்கலாம்.

முதல் படி: பணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

சிங்கப்பூரில் ‘ஓய்வுக்காலப் பணம்’ என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, அது நான்கைந்து பெட்டிகளில் கிடக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் சும்மா இருந்தால் கிடைக்கும் வட்டி வேறு. ஆகவே பங்குச் சந்தை தாண்ட வேண்டிய வேலியின் உயரமும் வேறு. இதைப் பிரிக்காமல் முடிவெடுத்தால் தவறான பெட்டியிலிருந்து பணம் போகும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

துணை ஓய்வுக்காலத் திட்டம், நாம் எஸ்ஆர்எஸ் என்று சொல்வது, இருப்பதிலேயே தாழ்ந்த வேலி. ரொக்கமாகக் கிடந்தால் ஆண்டுக்கு 0.05 விழுக்காடுதான். வருமான வரியைக் குறைக்க ஆண்டுதோறும் டிசம்பர் மாதக் கடைசியில் 15,300 வெள்ளியைப் போட்டுவிட்டு, அதோடு மறந்துவிடுபவர்களை எனக்குத் தெரியும். வரியில் மிச்சம் பிடித்ததை விலைவாசி தின்றுவிடும். பங்குக்குத் திரும்ப மனம் வராதவர்களும்கூட இந்தப் பணத்தைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்திலோ ஆறு மாதக் கருவூலப் பத்திரத்திலோ போடலாம். இரண்டையும் எஸ்ஆர்எஸ் பணத்தில் வாங்க முடியும்.

அடுத்தது வங்கியில் கிடக்கும் சொந்த ரொக்கம். இதன் வேலி நிரந்தர வைப்பின் வட்டி. அது ஏறும், இறங்கும்.

மூன்றாவது, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கப்படும் மத்திய சேம நிதியின் (சிபிஎஃப்) சாதாரணக் கணக்கு. 2.5 விழுக்காடு உறுதி. குறைவாகத் தோன்றும். ஆனால் 50,000 வெள்ளி இந்த வட்டியில் பத்து ஆண்டுகளில் 64,000 வெள்ளியாகிறது, ஒரு நாள்கூட உங்களைப் பதற வைக்காமல். முதல் 20,000 வெள்ளியை முதலீட்டுக்கு எடுக்கவே முடியாது. அதற்கு மேல் உள்ளதுதான் கணக்கு. தனிநிறுவனப் பங்குகளிலும் சொத்து நிதிகளிலும் நிறுவனப் பத்திரங்களிலும் முதலீட்டுக்குரிய சேமிப்பில் 35 விழுக்காடு வரையே போடலாம், தங்கத்தில் 10 விழுக்காடு வரை.

நான்காவது, 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் சிறப்புக் கணக்கு. 4 விழுக்காடு. இதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. அரசாங்கம் உறுதியளிக்கும் 4 விழுக்காட்டைப் பத்தாண்டுக் காலத்தில், கட்டணம் போக, ஏற்ற இறக்கத்தையும் தாங்கிக்கொண்டு முந்துவது நாம் நினைப்பதைவிடக் கடினம். 55ஐ எட்டும்போது அந்தப் பணம் ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய்விடாமலிருக்க, அதை நிதியில் போட்டு மறைத்துவைத்து, பிறகு சிறப்புக் கணக்குக்கே திருப்பிக் கொண்டுவரும் ஒரு தந்திரம் கோப்பிக்கடை மேசைகளில் பெரிய ரகசியம்போலப் பேசப்பட்டது. 2025 ஜனவரியில் 55 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அந்தக் கணக்கே மூடப்பட்டுவிட்டதால் அந்தப் பேச்சும் அடங்கியது.

ஓய்வுக்காலக் கணக்கு, அதாவது 55 வயதில் உருவாவது, சந்தைக்குப் போகாது. அதை உங்கள் ஓய்வூதியம் என்று எண்ணிக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். அடுத்த படியில் அது தேவைப்படும்.

ஆகவே திரும்பும் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது: முதலில் எஸ்ஆர்எஸ், பிறகு சொந்த ரொக்கம், மனம் இருந்தால் சாதாரணக் கணக்கின் ஒரு பகுதி. நான் 2020இல் செய்தது இதற்கு நேர் எதிர். 0.05 விழுக்காட்டுப் பெட்டியில் விற்றுவிட்டு, 2.5 விழுக்காட்டுப் பெட்டியிலிருந்த வங்கிப் பங்கை ‘நல்ல நிறுவனம்’ என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: செலவுக்கு எத்தனை ஆண்டுகள்?

ஒரு தாளில் மாதச் செலவை எழுதுங்கள். மத்திய சேம நிதி இணையத்தளத்தில் நுழைந்தால், சிபிஎஃப் லைஃப், அதாவது ஓய்வுக்காலக் கணக்குப் பணத்தை வாழ்நாள் மாத வருமானமாக்கித் தரும் திட்டம், உங்களுக்கு 65 வயதிலிருந்து மாதம் எவ்வளவு தரும் என்ற மதிப்பீடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, வீட்டுச் செலவு 2,800 வெள்ளி, சிபிஎஃப் லைஃப் 1,600 வெள்ளி என்றால் இடைவெளி 1,200. ஆண்டுக்கு 14,400. ஐந்து ஆண்டுகளுக்கு 72,000.

அந்த 72,000 வெள்ளி சந்தைக்குப் போகக் கூடாது. சேமிப்புப் பத்திரம், நிரந்தர வைப்பு, சாதாரணக் கணக்கு என்று பாதுகாப்பான இடங்களில் இருக்கட்டும். சேமிப்புப் பத்திரத்தை எந்த மாதமும் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கலாம் என்பதால் இந்த வேலைக்கு அது நன்றாகப் பொருந்தும். ஒருவர் 200,000 வெள்ளி வரை வைத்திருக்கலாம். வங்கி வைப்பாக வைத்தால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரைதான் வைப்புக் காப்புறுதி உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

62 வயதிலேயே வேலையை விடுபவர்களுக்கு இடைவெளி பெரியது. 65 வரை சிபிஎஃப் லைஃப் இல்லை. 2,800 முழுவதும் கைப்பணத்திலிருந்து போகும். மூன்று ஆண்டுகளுக்கு 100,800 வெள்ளி. அவர்கள் முதலில் இந்தத் தொகையைத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் ‘எப்போது திரும்புவது’ என்ற கேள்விக்கே வர வேண்டும். 

ஐந்து ஆண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? வரலாறு ஒரே பதிலைத் தருவதில்லை. 2020 சரிவிலிருந்து அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அதே ஆண்டு ஆகஸ்டிலேயே மீண்டது. 2007 அக்டோபர் உச்சத்துக்குத் திரும்ப அதே குறியீட்டுக்கு 2013 வரை ஆயிற்று. நம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 2007இன் உச்சத்தைத் தாண்டியது 2025ஆம் ஆண்டில்தான். இடையில் வந்த லாப ஈவுகளைச் சேர்த்தால் காத்திருந்தவர்களின் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பதினேழு ஆண்டு பதினேழு ஆண்டுதான். ஜப்பானின் நிக்கெய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில் தாண்டியது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் உள்ளே இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பணம் ஒரே நாட்டில் இருக்கக் கூடாது.

மூன்றாம் படி: ஏன் வெளியே வந்தீர்கள்?

வீடு வாங்கவோ மருத்துவச் செலவுக்கோ விற்றிருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். பயத்தில் விற்றிருந்தால் நில்லுங்கள். உங்கள் தாங்கும் சக்தியைவிட அதிகமாக உள்ளே வைத்திருந்தீர்கள் என்பதற்கு அந்த விற்பனையே சான்று. அதே அளவோடு திரும்பினால் அடுத்த சரிவில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பொத்தானை அழுத்துவீர்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். என் அனுபவத்தில் பூனை சேரும், சூட்டை மறந்த பிறகு சேரும், அதுதான் ஆபத்து.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: விழுக்காட்டில் யோசிக்காமல் வெள்ளியில் யோசியுங்கள். 2007 அக்டோபரில் 3,800 புள்ளிகளுக்கு மேல் இருந்த நம் குறியீடு 2009 மார்ச்சில் 1,500க்கும் கீழே வந்தது. 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இறக்கம். நீங்கள் பங்கில் போட நினைக்கும் தொகை 150,000 வெள்ளி என்றால் ஒரு நாள் திரையில் 60,000 என்று தெரியலாம். அந்த எண்ணைத் தாளில் எழுதி, குடும்பத்தில் உங்களோடு செலவைப் பகிர்பவரிடம் காட்டுங்கள். நான் மனைவியிடம் காட்டினேன். “நாற்பதாயிரம் குறைந்தால் உங்களோடு ஒரு வாரம் பேசமாட்டேன். தொண்ணூறாயிரம் குறைந்தால் நிறையப் பேசுவேன்” என்றாள். அதிலிருந்துதான் எங்கள் வீட்டின் அளவு வந்தது: நாற்பதாயிரம் குறைந்தாலும் தாங்கலாம் என்றால், 60 விழுக்காட்டுச் சரிவுக்கு அது ஏறக்குறைய 66,000 வெள்ளிப் பங்கு முதலீடு. எந்த ஆலோசகரின் கேள்வித்தாளும் எனக்கு இவ்வளவு துல்லியமான பதிலைத் தந்ததில்லை.

நான்காம் படி: காத்திருக்கும் சமிக்ஞைகளைக் கைவிடுதல்

‘நிலைமை தெளிவாகட்டும்’ என்பதுதான் எல்லோரும் சொல்வது. தேதிகளைப் பார்த்தால் அது எவ்வளவு விலையுயர்ந்த வாக்கியம் என்று தெரியும். 2020இல் சந்தையின் அடி மார்ச் 23. நம் ஊரில் கொவிட் முறியடிப்புத் திட்டம் தொடங்கியதே ஏப்ரல் 7ஆம் தேதி. பள்ளிகள் மூடி, சிராங்கூன் சாலை வெறிச்சோடி, வேலை போய்விடுமோ என்று நாம் கலங்கிய வாரங்களில் சந்தை ஏறிக்கொண்டிருந்தது. 2009இலும் அப்படியே: அமெரிக்கப் பங்குகளின் அடி மார்ச் மாதம், அந்நாட்டு வேலையின்மை 10 விழுக்காட்டு உச்சத்தைத் தொட்டது அதே ஆண்டு அக்டோபரில். தெளிவு வரும்போது விலை முன்னே போயிருக்கும்.

2025 ஏப்ரல் இன்னும் கூர்மையான பாடம். அமெரிக்கா ஏப்ரல் 2ஆம் தேதி இறக்குமதிப் பொருள்கள்மீது வரிவிதிப்பை அறிவித்தது. ஏப்ரல் 7 திங்கட்கிழமை நம் குறியீடு ஒரே நாளில் 7 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. 2008க்குப் பிறகு ஒரே நாளில் அதுதான் மிகப் பெரிய விழுக்காட்டு இறக்கம். ஏப்ரல் 9ஆம் தேதி வரிவிதிப்பு 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டதும் எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 9 விழுக்காட்டுக்கும் மேல் எகிறியது. மோசமான நாளும் சிறந்த நாளும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவரைத் தவிர்த்தால் பெரும்பாலும் மற்றவரையும் சந்திக்க முடியாது.

விலை மலிவா, அதிகமா என்று பங்கு விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து முடிவு செய்யலாமே என்பார்கள் சிலர். அந்த விகிதம் அடுத்த பத்தாண்டுகளில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஓரளவு உதவும். அடுத்த மாதத்துக்கு உதவாது. அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் பங்கு விலைகளில் அளவுமீறிய உற்சாகம் இருக்கிறதோ என்று கேட்டது 1996 டிசம்பரில். சந்தை உச்சம் தொட்டது 2000 மார்ச்சில். அவரை நம்பி வெளியே நின்றவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

திரும்புவதற்குத் தவறான காரணம் ஒன்றும் உண்டு. இப்போது அதிகம் கேட்பது இதுதான். 2022 கடைசியில் ஆறு மாதக் கருவூலப் பத்திரம் 4 விழுக்காட்டுக்கும் மேல் தந்தது. ஏலம் நடக்கும் வாரங்களில் எங்கள் தளத்து மின்தூக்கியில்கூட அதே பேச்சு. 2025இல் அந்த வட்டி 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்ததும், “பத்திரத்தில் ஒன்றுமில்லை, பங்குக்குப் போகலாம்” என்று கிளம்பினார்கள். ஐந்தாண்டுச் செலவுக்கென்று ஒதுக்கிய பணத்தின் வேலை பத்திரமாக இருப்பது. வட்டி குறைந்தாலும் அதன் வேலை மாறவில்லை. வட்டிக்காக மட்டும் அந்தப் பணத்தைப் பங்குக்கு நகர்த்துபவர், மழைக்கு வைத்திருந்த குடையை விற்று விசிறி வாங்குகிறார்.

ஐந்தாம் படி: ஒரே தடவையா, தவணையா?

ஆய்வுகள் ஒரே தடவை என்கின்றன. வான்கார்ட் நிறுவனம் 2012இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டுச் சந்தைகளை வைத்து ஆராய்ந்தபோது, மொத்தமாகப் போட்டது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காலகட்டங்களில் தவணையை முந்தியது. காரணம் எளிது: சந்தை இறங்கும் ஆண்டுகளைவிட ஏறும் ஆண்டுகள் அதிகம், தவணையில் போடுபவரின் பணம் பாதி நேரம் வெளியே நிற்கிறது.

ஆனால் பயந்து ஓடியவருக்கு நான் தவணையையே சொல்வேன். மொத்தமாகப் போட்ட மறுவாரம் 10 விழுக்காடு இறங்கினால் அவர் மறுபடி ஓடுவார். அந்த இரண்டாவது ஓட்டத்தின் செலவு ஆய்வுகளில் வராது. ஆறு சம தவணைகள், ஆறு மாதம். அதிகம் போனால் ஓராண்டு. அதற்கு மேல் இழுத்தால் தவணை என்ற பெயரில் காத்திருப்பதுதான்.

தேதியை முன்கூட்டியே எழுதுங்கள். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி, விடுமுறை என்றால் மறுநாள், 5,000 வெள்ளி. சந்தை கடந்த தவணையிலிருந்து 15 விழுக்காடு இறங்கியிருந்தால் அடுத்த தவணையையும் சேர்த்துப் போடலாம். எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதினேன்.

2025 ஜனவரியில் சாதாரணக் கணக்கிலிருந்து இப்படி ஆறு தவணை தொடங்கினேன். நான்காவது தவணையின் தேதி ஏப்ரல் 7. ஆம், அதே திங்கட்கிழமை. காலையில் திரையைத் திறந்தபோது எல்லாம் சிவப்பு. வாங்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு கோப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். சந்தையைப் பற்றி எனக்கு எந்தத் தெளிவும் இல்லை. தாளில் தேதி இருந்தது. அழுத்தினேன். ஜூலையில் குறியீடு 4,000ஐத் தாண்டி நின்றதால் இன்று இதைப் பெருமையாகச் சொல்கிறேன். இன்னும் இறங்கியிருந்தாலும் ஐந்தாவது தவணையைப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

நடைமுறை விவரங்கள் சில. சாதாரணக் கணக்குப் பணத்துக்கு டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளில் ஒன்றில் மத்திய சேம நிதி முதலீட்டுக் கணக்கைத் திறக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் முதலில் சுயவிழிப்புணர்வுக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அந்த வங்கி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சிறு கட்டணம், அதோடு வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் காலாண்டுக் கட்டணம் வாங்கும். ஆகவே 500 வெள்ளியாக இருபது தவணை என்று சிதறடிக்காதீர்கள். சாதாரணக் கணக்கின் வட்டி மாதத்தின் மிகக் குறைந்த இருப்பின்மீது கணக்கிடப்படுகிறது. மாதக் கடைசியில் எடுத்தால் அந்த மாத வட்டி முழுவதும் போய்விடும். மாதத் தொடக்கத்தில் எடுத்தாலும் போகும், ஆனால் அந்த மாதம் பணம் சந்தையிலாவது இருக்கும்.

ஆறாம் படி: எதை வாங்குவது?

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு நிதி, அதாவது அந்தக் குறியீட்டிலுள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் நிதி, மலிவானது, மத்திய சேம நிதிப் பணத்திலும் வாங்கலாம். முப்பது நிறுவனங்கள் என்று பெயர். உண்மையில் பாதிக்கும் மேல் மூன்று வங்கிகள். நம் வீடு இங்கே, சம்பளம் இங்கே, சேம நிதி இங்கே. ஓய்வுக்காலப் பங்கும் முழுவதும் இங்கேயே இருக்க வேண்டாம்.

உலகச் சந்தை நிதி வாங்கும்போது ஒரு வரி நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் பதிவான நிதியை நேரடியாக வாங்கினால் லாப ஈவில் 30 விழுக்காடு வரி பிடிக்கப்படும். அயர்லாந்தில் பதிவாகி லண்டனில் விற்கப்படும் நிதிகள் அமெரிக்கப் பங்குகளுக்கு 15 விழுக்காடு மட்டுமே கொடுக்கின்றன. அதைவிட முக்கியம், அமெரிக்கச் சொத்து 60,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால் நீங்கள் இறந்தபின் அந்நாடு சொத்து வரி கேட்கலாம். மகனுக்கு விட்டுச்செல்ல நினைத்ததில் அந்நாட்டு அரசாங்கமும் பங்குக்கு வரும். 

வெளிநாட்டு நிதியில் நாணயமும் விளையாடும். 2000களின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டாலருக்கு 1.70 வெள்ளிக்கு மேல் கொடுத்தோம், 2025இல் 1.30 வெள்ளியைச் சுற்றியே. குறியீடு ஏறியதில் ஒரு பகுதியை நம் வெள்ளியின் வலிமை தின்றிருக்கிறது.

முதலீட்டோடு காப்புறுதியையும் சேர்த்து விற்கும் திட்டத்தோடு யாராவது வந்தால், முதல் இரண்டு ஆண்டுகளில் செலுத்தும் பணத்தில் எவ்வளவு உண்மையில் முதலீடாகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் அதற்குப் பதிலாகத் தேநீர் நன்றாக இருக்கிறது என்றார்.

ஏழாம் படி: திரும்பாமல் இருப்பதே சரியா?

சிலருக்கு ஆம். கடன் அட்டையில் பாக்கி இருப்பவர் சந்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 55ஐத் தாண்டி, சாதாரணக் கணக்கில் பணம் வைத்திருப்பவருக்குப் பங்குக்கு நேரான போட்டியாளர் ஒன்று உண்டு: அந்தப் பணத்தை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றி 4 விழுக்காடு பெறுவது. 2026இல் இதன் உச்சவரம்பான மேம்பட்ட ஓய்வுக்காலத் தொகை 440,800 வெள்ளி. 50,000 வெள்ளியை அப்படி மாற்றினால் பத்து ஆண்டுகளில் 74,000 வெள்ளிக்கு நிகரான மதிப்பு, மாத வருமானமாகவே வரும். மாற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் இதன் விலை. இடைவெளி பெரிதாகவும் நெஞ்சுரம் சிறிதாகவும் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். என் அக்காவுக்குச் சொன்னேன்; அவர் ஒரு பங்குகூட வாங்காமல் என்னைவிட நிம்மதியாக இருக்கிறார்.

எட்டாம் படி: உள்ளே போன பிறகு

ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். நான் தைப்பூசத்துக்கு மறுநாள் பார்க்கிறேன், அதற்கு ஆன்மீகக் காரணம் எதுவும் இல்லை, மறக்காது என்பதால். பங்கின் அளவு திட்டமிட்டதைவிட 10 விழுக்காட்டுப் புள்ளி தாண்டியிருந்தால் மட்டும் கொஞ்சம் விற்று ஐந்தாண்டுப் பெட்டியை நிரப்புகிறேன்.

எஸ்ஆர்எஸ் வைத்திருப்பவர்கள், ஓய்வு வயது வந்ததும் எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கடைசி ஆண்டுகளில் பயந்து வெளியேறுகிறார்கள். தேவையில்லை. முதல் தொகையை எடுத்ததிலிருந்து பத்து ஆண்டு அவகாசம் உண்டு; எடுப்பதில் பாதிக்குத்தான் வரி. வேறு வருமானம் இல்லாதவர் ஆண்டுக்கு 40,000 வெள்ளி வரை வரியில்லாமல் எடுக்கலாம். பங்குகளை விற்காமல் பங்காகவே வெளியே மாற்றவும் வழி உண்டு. உங்களுக்கான வயது, முதன்முதலில் பணம் போட்ட நாளில் நடப்பிலிருந்த சட்டபூர்வ ஓய்வு வயது: 2022 ஜூலையிலிருந்து 63, 2026 ஜூலை 1 முதல் 64. ஒரு வெள்ளி போட்டாலும் வயது அன்றைக்கே உறுதியாகிவிடும்.

இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். மத்திய சேம நிதியில் நீங்கள் செய்துவைத்த வாரிசு நியமனம் கணக்கில் இருக்கும் ரொக்கத்துக்குப் பொருந்தும்; அதிலிருந்து எடுத்து முதலீட்டுத் திட்டத்தில் வாங்கிய பங்குகளுக்கும் நிதிகளுக்கும் பொருந்தாது. எஸ்ஆர்எஸ் பணமும் அந்த நியமனத்தில் வராது. ஆறு தவணையில் நீங்கள் சந்தைக்கு நகர்த்தும் ஒவ்வொரு வெள்ளியும் அந்த நியமனத்திலிருந்து நழுவி, உயில் இருந்தால் உயிலின்படியும் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டத்தின்படியும் போகும். நான் ஆறாவது தவணையைப் போட்ட வாரத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் வழக்கறிஞரைப் பார்த்து உயில் எழுதினோம், மனைவியும் நானும். தாளின் நகல் ஒன்று உயிலோடு உறையில் இருக்கிறது, சிவப்பு வரியோடு.